உங்கள் முத்திரையை நீங்களே மதிக்கவில்லை

2024 ஜூலை 30 விடிவதற்குள் வயநாட்டில் மலை சரிந்தது. சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் நடுவே இருந்த பாலம் வெள்ளத்தோடு போனது. அக்கரையில் உயிரோடு யார், மண்ணுக்கடியில் யார் என்று தெரியாமல் ஊரே பதறிக்கொண்டிருந்தபோது ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்ஸ் வந்து இறங்கினார்கள். மழையில் நனைந்துகொண்டே 190 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் போட்டார்கள். ஆகஸ்ட் 1 மாலை அதன்மேல் வண்டி ஓடியது.

நான் வேலை பார்க்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த வீடியோவைப் பார்க்காதவர் இல்லை. லிஃப்டுக்குக் காத்திருந்தபோது பார்த்தார்கள். காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் கண் கலங்கிப்போய், "ஆர்மின்னா ஆர்மிதான்பா, வேற யாரால முடியும்" என்றார். சொன்ன கையோடு என் பக்கம் திரும்பி, "செக்யூரிட்டி, டிக்கியில அரிசி மூட்டை இருக்கு, மேல கொண்டாந்து வெச்சிடு" என்றார்.

தூக்கிக்கொண்டு போனேன். மூட்டை தூக்குவதில் எனக்கு அவமானம் எதுவும் இல்லை. அவர் போனில் ஓடிய அந்தப் பாலம் என் தொழில். என் இளமை முழுவதும் நான் செய்த வேலை. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? "அப்படியா, பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை கிடைத்திருக்கும். மூட்டை மூட்டையாகவே இருந்திருக்கும்.

பெய்லி பாலம் எப்படிப் போடுகிறார்கள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பேனல் ஒன்று பத்தடி நீளம், ஐந்தடி உயரம், ஏறத்தாழ 260 கிலோ எடை. ஆறு பேர் சேர்ந்து தூக்குவோம். பேனலோடு பேனலைப் பொருத்தி, பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கிப் பூட்டுவோம். அக்கரையில் ஆளே இல்லாவிட்டாலும் பாலம் போடலாம், அதுதான் அதன் சிறப்பு. இக்கரையில் உருளைகளை வைத்து, அவற்றின்மேல் பாலத்தைக் கட்டிக் கட்டித் தள்ளுவோம். முன்பக்கம் எடை குறைந்த 'மூக்கு' ஒன்று வெட்டவெளியில் நீண்டுகொண்டே போகும். பின்பக்கத்து எடை அதைக் கவிழாமல் பிடித்திருக்கும். கணக்கு ஒரு பேனல் பிசகினால் மொத்தமும் ஆற்றில் தலைகுப்புறப் போய்விடும். எத்தனை அடி இடைவெளிக்கு எத்தனை அடுக்கு, எவ்வளவு டன் தாங்கும், கரை மண் எவ்வளவு அமுங்கும், மூக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. நான் ஹவில்தாராக இருந்தபோது என் கீழே இருந்த பையன்களுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். இருட்டில், விளக்கில்லாமல், வாய் பேசாமல், விரலால் துளையைத் தடவிப் பார்த்தே பின் பூட்டும் பழக்கத்தை அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சென்டரிலிருந்து தொடங்கி வடக்கே பனி உறைந்த ஓடைகள்வரை நாங்கள் கொண்டுபோனோம்.

ஓய்வு பெற்று வந்ததும் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு கட்டுமானக் கம்பெனிக்குப் போனேன். என்னைவிட வயதில் மிகச் சிறிய ஒரு பையன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். மரியாதையாகத்தான் பேசினான். "சார், இதெல்லாம் ஆர்மி எக்ஸ்பீரியன்ஸ். சைட் எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு வருஷம்?" என்று கேட்டான். ஆற்றின் நடுவே இடுப்பளவு தண்ணீரில் நின்றதெல்லாம் சைட் இல்லையாம். கடைசியில் அவனே இரக்கப்பட்டு, "செக்யூரிட்டி சைடுல ஆள் வேணும்னு சொல்லிட்டிருந்தாங்க, அங்க வேணா சொல்லட்டுமா?" என்றான்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது யார்? என்னை உருவாக்கிய அரசாங்கமே என் தொழிலை ஒரு தொழிலாக எண்ணாதபோது அவன் எண்ணவில்லை என்று எப்படிக் குறைசொல்வது?

எங்கள் வேலூரில் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. பூ வாங்க, பாத்திரம் வாங்க அந்த வழியாகப் போகிறவர்கள் யாரும் நின்று படிப்பதில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மண் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கம்மவான்பேட்டை என்ற ஊருக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. தாத்தா, அப்பா, மகன், பேரன் என்று வரிசையாகப் படைக்குப் போன வீடுகள் அங்கே இருக்கின்றன. கணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவிலும் ஒரு 'மிலிட்டரிக்காரர் வீடு' இருக்கும்.

இப்போது அந்த வீடுகளில் உள்ள ஆண்கள் எல்லாம் எங்கே? காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். நீல நிறச் சட்டை, தோளில் ஒரு பட்டை, மடியில் டிபன் பாக்ஸ். ஏடிஎம் வாசலுக்கு ஒருவர், கல்லூரி கேட்டுக்கு ஒருவர், நகைக்கடைக் கதவுக்கு ஒருவர், ஆஸ்பத்திரி பார்க்கிங்குக்கு ஒருவர். அவர்களில் வயர்லெஸ் ஆப்பரேட்டர் இருக்கிறார். டாங்க் இன்ஜினைப் பிரித்து மாட்டியவர் இருக்கிறார். பனிமலையில் தோழனின் துண்டான காலுக்குக் கட்டுப்போட்டு உயிரோடு கீழே இறக்கிய நர்சிங் அசிஸ்டன்ட் இருக்கிறார். ஒரு பட்டாலியனுக்கே வேண்டிய பொருளுக்குக் கணக்கு வைத்திருந்த ஸ்டோர்கீப்பர் இருக்கிறார். எல்லாருக்கும் ஒரே வேலை. கதவைத் திற, கதவை மூடு. நோட்டில் வண்டி நம்பர் எழுது. முதலாளி வந்தால் சல்யூட் அடி.

பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறோம். ஞாயிறும் தீபாவளியும் எங்களுக்கு இல்லை. 'முன்னாள் படைவீரர் மட்டும்' என்று ஒப்பந்தத்தில் போட்டு ஒரு ரேட் பேசுகிறார்கள். எங்கள் கைக்கு வருவது வேறு ரேட். நடுவில் இருக்கும் ஏஜென்சி எங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலை வைத்துத்தான் அந்த ஒப்பந்தத்தையே வாங்குகிறது. எங்கள் சேவையின் பெயரில் அவர்கள் சம்பாதிக்கிறார்கள். ஒருநாள் காய்ச்சல் என்றால் கூலி பிடித்தம்.

"பென்ஷன் வருதே, அப்புறம் எதுக்கு இந்த வேலைக்கு வரீங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர் பெரும்பாலும் அறுபது வயதுவரை சம்பளம் வாங்கியவராகவோ, வாங்கப் போகிறவராகவோ இருப்பார். அவருக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஐயா, எங்களை முதுமை வந்து வீட்டுக்கு அனுப்பவில்லை. படை எப்போதும் இளமையாக இருக்க வேண்டும், மலையேறும் கால் புதிதாக இருக்க வேண்டும் என்பதற்காக அரசாங்கம் எங்களை அனுப்பியது. அது நாட்டுக்குத் தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சிப்பாய் நாற்பதுக்கு முன்பே வெளியே வருகிறான். ஹவில்தார் சில வருஷம் தள்ளி வருகிறான். அப்போது மகள் பத்தாவது படிக்கிறாள். மகன் இன்னும் சின்ன வகுப்பு. வீடு பாதிக் கட்டியபடி நிற்கிறது. உங்கள் வாழ்க்கையில் சம்பளம் உச்சத்துக்குப் போகும் வயதில் எங்களுக்குச் சம்பளம் பாதியாகிறது. அந்தப் பாதியிலும் ஒரு பகுதியை வீடு கட்டவும் கடன் அடைக்கவும் கம்யூட்டேஷன் செய்து முன்பணமாக வாங்கிவிடுகிறோம். அதற்காகப் பென்ஷனில் பிடிக்கும் பகுதி பதினைந்து வருஷம் கழித்துத்தான் திரும்பப் பென்ஷனோடு சேரும். இதற்கு நடுவில் பள்ளிக் கட்டணம், கல்லூரிக் கட்டணம், கல்யாணம். பென்ஷன் வருகிறது, உண்மை. அதைக்கொண்டு வயதானவன் காலத்தை ஓட்டலாம். நாங்கள் வெளியே வந்தபோது வயதானவர்களாக வரவில்லையே!

அந்தப் பென்ஷனுக்கே எத்தனை போராட்டம். 1973இல் மூன்றாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு சிப்பாயின் பென்ஷன் சம்பளத்தில் 70 சதவீதம் என்று இருந்தது 50 ஆகக் குறைந்தது. ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் என்று கேட்டுக் கேட்டு எங்கள் மூத்தவர்கள் தலை நரைத்தார்கள். ரத்தம் சிந்தி வாங்கிய மெடல்களை 2009இல் திருப்பிக் கொடுத்தார்கள். 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அந்த ஆகஸ்ட் 14, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், பாதுகாப்பு என்று காரணம் சொல்லி டெல்லிப் போலீஸ் அந்தக் கிழவர்களைத் தள்ளி இழுத்தது. மெடல் குத்திய சட்டை கிழிந்து ஒரு பெரியவர் நின்ற படத்தை என்னால் இன்றும் பார்க்க முடியவில்லை. நவம்பரில் உத்தரவு வந்தது. அதன்பிறகும் நிலுவைத் தொகைக்காக உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது, 2023வரை. 2022இல் பென்ஷனை ஸ்பர்ஷ் என்ற புதிய கணினி முறைக்கு மாற்றியபோது, வருடாந்திர அடையாளச் சான்று சேரவில்லை என்று 58,000க்கும் அதிகமானவர்களுக்கு ஏப்ரல் மாதப் பென்ஷன் மாதக் கடைசியில் வரவில்லை. மே முதல் வாரத்தில்தான் போட்டார்கள். சில நாள் தாமதம்தானே என்பார்கள். மருந்துக்கடையில் கடன் சொல்லி நிற்கும் எண்பது வயதுச் சுபேதாரிடம் போய் அதைச் சொல்லட்டும்.

ஆனாலும் நான் பேச வந்தது பென்ஷனைப் பற்றி அல்ல. பென்ஷனுக்காவது சங்கம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. உழைக்கத் தெம்புள்ள நாற்பது வயதுக்காரனின் உழைப்பை வீணடிக்கிறீர்களே, அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

டெல்லியிலும் சென்னையிலும் கோப்பு பார்க்கும் ஐயாமாரே, நீங்களே முத்திரை குத்திக் கொடுத்த சில காகிதங்கள் எங்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் கேட்கிறேன்.

1986இல் நீங்கள் ஒரு விதி போட்டீர்கள். பத்தாம் வகுப்புத் தேறிய ஒருவர் பதினைந்து வருஷம் படையில் இருந்தால், தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமில்லாத குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கான இடங்களுக்கு அவரைப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம் என்றீர்கள். நல்ல விதி. பதினேழு பதினெட்டு வயதில் படைக்கு வந்தவன் கல்லூரிக்குப் போகவில்லை என்றால் அது அவன் குற்றமல்ல, அந்த நேரத்தில் அவன் உங்கள் எல்லையில் நின்றான் என்று ஒப்புக்கொண்ட விதி. அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது ஆர்மி குடுத்தது. யுனிவர்சிட்டி டிகிரி எங்க?" என்றார். விதியின் நகலைக் காட்டினேன். "எங்களுக்கு இப்படி எதுவும் வரல" என்றார். வேறொரு அலுவலகத்தில் நகலையே வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற இருபத்தைந்து வயதுப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பள்ளிக்கூடச் சான்றிதழைக் கள்ளத்தனமாகத் திருத்திக்கொண்டு வந்தவன் மாதிரி நான் அந்தப் படியிலிருந்து இறங்கினேன். அந்தக் காகிதத்தில் இருப்பது அசோகச் சின்னம். அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்ததும் அதே சின்னம்தான்.

இட ஒதுக்கீடு கொடுத்திருக்கிறோம் என்று ஒவ்வொரு கொடிநாளுக்கும் மேடையில் சொல்கிறீர்கள். கொடுத்திருக்கிறீர்கள். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதம், குரூப் டியில் 20 சதவீதம். பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் குரூப் சியில் 14.5, குரூப் டியில் 24.5 சதவீதம். தமிழக அரசின் குரூப் சி பணிகளில் 5 சதவீதம். எழுத்தில் எல்லாம் இருக்கிறது. 2021 ஜூன் நிலவரப்படி, கணக்குக் கொடுத்த மத்திய அரசுத் துறைகளில் முன்னாள் படைவீரர்கள் குரூப் சியில் 1.29 சதவீதம், குரூப் டியில் 2.66 சதவீதம் மட்டுமே. வங்கிகள் மட்டும் ஓரளவு நிரப்பியிருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன், அதிலும் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் துப்பாக்கியோடு வாசலில்தான் நிற்கிறார்கள்.

பத்துக்கு ஒன்று எங்களுக்கு என்று சொல்லிவிட்டு, நூற்றுக்கு இரண்டுகூட வராதபடி பார்த்துக்கொண்டது யார்? ஆண்டுக்கு ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் படையிலிருந்து வெளியே வருகிறோம். ஆளா இல்லை?

எப்படி நிரம்பாமல் போகிறது என்று எங்களுக்குத் தெரியும். தேர்வு அறிவிப்பு வரும்போது எங்கள் ஆள் அருணாசலில் ஏதோ ஒரு போஸ்ட்டில் இருப்பான். ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்று விதி இருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் அவனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர் யார், பாடம் சொல்லிக் கொடுப்பவர் யார்? இரவு பத்து மணிக்கு டியூட்டி முடித்து வந்து கைவிரல் மரத்த குளிரில் அவன் எந்தக் கோச்சிங் சென்டருக்குப் போவான்? வெளியே வந்ததும், கல்லூரி முடித்து மூன்று வருஷமாக அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எழுதும் அதே தாளை அவனும் எழுத வேண்டும். தேற மாட்டான். உடனே நீங்கள் ஒரு காகிதம் எழுதுவீர்கள்: தகுதியுள்ள முன்னாள் படைவீரர் கிடைக்கவில்லை. அந்த இடம் பொது இடமாகிவிடும். அடுத்த வருஷத்துக்கு அதைச் சேர்த்து வைக்கவும் வழியில்லை.

தகுதி இல்லையா எங்களுக்கு? ஆயிரம் பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு போகும் லைனை நடத்தியவனுக்கு ஒரு தாலுகா அலுவலகத்தின் ஸ்டோரைப் பார்க்கத் தகுதி இல்லையா? கண்ணிவெடி புதைத்த நிலத்தில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து பாதை போட்டவனுக்கு நெடுஞ்சாலைத் துறையில் ஒரு கேங் மேற்பார்வையாளர் வேலைக்குத் தகுதி இல்லையா? படையின் எந்தத் தொழில் வெளியுலகின் எந்தத் தொழிலுக்குச் சமம் என்று நீங்களே புத்தகம் போட்டிருக்கிறீர்கள். அதை ஒருவராவது திறந்து பார்த்தீர்களா? 2008இல் ஆறாவது ஊதியக் குழு, படையிலிருந்து வருகிறவர்களை மத்தியக் காவல் படைகளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், பயிற்சிச் செலவும் மிச்சம், அவர்கள் குடும்பமும் பிழைக்கும் என்று எழுதிக் கொடுத்தது. அதை ஏன் செய்யவில்லை? யாராவது எங்களுக்கு ஒரு காரணம் சொன்னீர்களா?

இன்னொரு காகிதம் இருக்கிறது, அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்வது.

படையில் சேரும்போது எங்களை நிர்வாணமாக நிறுத்திச் சோதித்தீர்கள். பல், காது, கண், பாதம், நெஞ்சு, மூச்சு எல்லாம். சின்னக் குறை இருந்தாலும் திருப்பி அனுப்பினீர்கள். தேறியவனுக்கு 'ஷேப் ஒன்' என்று எழுதினீர்கள். உடலில் ஒரு குறையும் இல்லை என்பதற்கு உங்கள் டாக்டரின் கையெழுத்து அது. என்னோடு இருந்த ஒரு நாயக், திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர், அப்படித்தான் உள்ளே வந்தார். டெமாலிஷனில் கெட்டிக்காரர். பாறையை உடைக்க, பழைய பாலத்தைத் தகர்க்க என்று அவர் வைத்த வெடிகளுக்குக் கணக்கே இல்லை. போகப் போக ஒரு காது மந்தமானது, பிறகு மற்றதும். ஓய்வுக்கு முன் மெடிக்கல் போர்டு உட்கார்ந்தது. அவர் கேட்கும் திறன் போயிருக்கிறது என்று எழுதினார்கள். அடுத்த வரியில், இது படைப்பணியால் ஏற்பட்டதும் அல்ல, படைப்பணியால் முற்றியதும் அல்ல என்று எழுதினார்கள்.

பின் எதனால் வந்தது? வீட்டில் அவர் மனைவி சமைக்கும் சத்தத்தாலா?

இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவில்லை என்றால், பிறகு வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயுடையது அல்ல. 2014 டிசம்பர் 10 அன்று, ஊனமுற்ற படைவீரர்களுக்கு எதிராக அரசு போட்டிருந்த நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகளை அதே நீதிமன்றம் ஒரே நாளில் தள்ளுபடி செய்தது. இத்தனைக்குப் பிறகும் எங்கள் நாயக் தீர்ப்பாயத்துக்கு அலைந்தார். வழக்கறிஞர் பேசுவது அவருக்குக் கேட்காது. மகள் காகிதத்தில் எழுதிக் காட்டுவாள், அவர் தலையாட்டுவார். ஜெயித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. யாருக்கு எதிராக? காது கேட்காத ஒரு நாயக்குக்கு எதிராக இந்திய ஒன்றியம். வழக்குக் காகிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அவர் வாழ்நாளெல்லாம் எந்தப் பெயருக்காக வெடி வைத்தாரோ அந்தப் பெயர் எதிர்த்தரப்பாக நின்றது. அவருக்குச் சேர வேண்டிய தொகையைவிட உங்கள் வக்கீல் செலவு அதிகமாகியிருக்கும். எதற்காக இந்தப் பிடிவாதம்? உங்கள் டாக்டர் அன்று போட்ட கையெழுத்தை நம்பித்தானே அந்த மனிதர் வெடிக்குப் பக்கத்தில் போனார்?

காது கேட்காது என்பதால் அவருக்குச் செக்யூரிட்டி வேலைகூடக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் ஜனங்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் எங்களை வெறுப்பதில்லை, தெரியும். ஆனால் எங்களைப் பார்த்ததும் உங்களுக்கு நினைவுக்கு வருவது என்ன? கேன்டீன் கோட்டா. "மிலிட்டரி, ஒரு பாட்டில் கெடைக்குமா?" கல்யாண வீட்டில் கேட்கிறீர்கள், சாவு வீட்டில்கூடக் கேட்கிறீர்கள். ஒருவராவது, "அண்ணே, நீங்க அங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டதுண்டா? ஊர் ஓடைமேல் பாலம் கட்டினார்கள். கான்கிரீட் போட்டு இரண்டு மழையில் கைப்பிடிச் சுவர் சாய்ந்தது. கட்டும்போதே அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னேன், தண்ணீர் இந்தப் பக்கம் அறுக்கும் என்று. "மிலிட்டரிக்காரருக்கு எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கணும்" என்றார்கள்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் போஸ்ட்டின்மேல் பனிச்சுவர் இடிந்து 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரைப் புதைத்தது. அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் எங்கள் வேலூர் மாவட்டத்துத் துக்கம்பாறைக்காரர். அப்படி உடல் வரும் ஊர்களில் என்ன நடக்கும் என்று எல்லாரும் பார்த்திருக்கிறோம். தேசியக்கொடி, மலர்வளையம், அதிகாரிகளின் வரிசை, வானத்தை நோக்கி வேட்டு, ரோடு நெடுக ஜனம். அந்த மரியாதை அவர்களுக்கு உரியது, அதில் ஒரு துளியும் குறையக் கூடாது. என் கேள்வி, அதே போஸ்ட்டில் அதே குளிரில் அவர்களுக்கு முன்னும் பின்னும் நின்றுவிட்டு, விரல் நுனி கறுத்து, உயிரோடு இறங்கி வந்தவனைப் பற்றியது. அவனுக்குக் கேட் பக்கத்தில் கால் ஆடும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. செத்திருந்தால் அவன் பெயரில் தெரு இருந்திருக்கும். உயிரோடு இருப்பதால் தெருவில் நிற்கிறான். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. நாங்கள் உயிரோடு வந்தது தப்பா?

இப்போது எங்கள் ஊர்ப் பையன்கள் விடியற்காலையில் ரோட்டில் ஓடுகிறார்கள். அக்னிவீர் தேர்வுக்கு. நாங்கள் ஓடிய அதே ரோடு. 2022இல் வந்த திட்டம் இது. நாலு வருஷம், முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேரை மட்டும் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்று 11.71 லட்சம் ரூபாய் அளவில் கொடுத்து அனுப்புவார்கள். அதிலும் பாதி அந்தப் பையன் தன் சம்பளத்திலிருந்து போட்டது. பென்ஷன் இல்லை. கேன்டீன் இல்லை. மருத்துவத் திட்டம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதிகூட இல்லை. ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஒருவன் கேட்டான்: "மாமா, நாலு வருஷம் கழிச்சு வந்தா வேலை தருவாங்கன்னு சொல்றாங்களே, தருவாங்களா?" காவல் படைகளில் இத்தனை சதவீதம், அரசு வேலையில் இத்தனை சதவீதம் என்று அவனுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த மாதிரியே.

இருபது வருஷத்துக்கு மேல் உழைத்து, பதினைந்து வருஷத்தைப் பட்டத்துக்குச் சமம் என்று எழுதி வாங்கிய எனக்கே கவுன்டரில் இடமில்லை. நாலு வருஷச் சான்றிதழோடு வரும் இருபத்தொரு வயதுப் பிள்ளையின் கையில் அந்தக் கவுன்டர்காரர் என்ன கொடுத்து அனுப்புவார்? அவனிடம் நான் ஓடாதே என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். அந்த உடுப்பின்மேல் எனக்கு இருக்கும் பாசம் என்னோடுதான் போகும். ஆனால் அவனைப் பார்த்து "தருவாங்கடா" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டெல்லாம் பத்திரமா வெச்சுக்கோ, உள்ள போனாலும் தபால்ல படி, டிகிரிய முடிச்சிடு" என்று மட்டும் சொன்னேன். அரசாங்கம் தரும் காகிதத்தை நம்பாதே என்று ஒரு முன்னாள் ஹவில்தார் ஒரு சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

தகுதியுள்ள முன்னாள் படைவீரர் கிடைக்கவில்லை என்று கையெழுத்துப் போடும் அதிகாரி யாராக இருந்தாலும் சரி, அந்தப் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப்பக்கம் வாருங்கள். கார் அனுப்ப எங்களிடம் வசதியில்லை, பஸ் இருக்கிறது. கோயில் திடலில் ஆட்களை வரிசையில் நிறுத்துகிறேன். ஒவ்வொருவரும் ஒரு அடி முன்னால் வந்து நம்பர், ராங்க், பெயர், டிரேடு சொல்வார்கள். எலக்ட்ரீஷியன், வெல்டர், சர்வேயர், டிராஃப்ட்ஸ்மேன், டீசல் மெக்கானிக், ரேடியோ மெக்கானிக், பிளம்பர், கிளார்க், டிரைவர், நர்சிங் அசிஸ்டன்ட், பாலம் போடுகிறவன். சோதித்துப் பாருங்கள். எந்த வேலை வேண்டுமானாலும் கொடுத்துப் பாருங்கள். இரும்பும் சுத்தியலும் கொண்டுவந்தால் அன்றைக்கே அந்த ஓடைமேல் பாலம் போட்டுக் காட்டுகிறோம். பார்த்து முடித்தபிறகும் உங்களுக்கு அந்தச் சான்றை எழுத மனம் வந்தால், அங்கேயே, அந்த வரிசையின் முன்னால் நின்று, எங்கள் முகத்தைப் பார்த்து எழுதுங்கள்.